நடுவில் உட்கார்ந்தவருக்கு யார் சம்பளம் கொடுத்தது?

எங்கள் வயதுக்காரர்களுக்கு ‘மஞ்சக் கடுதாசி’ என்றால் விளக்கம் தேவையில்லை. கடைவீதியில் ஒருவர் ஐ.பி. கொடுத்துவிட்டார் என்று காலையில் செய்தி வந்தால் மத்தியானத்துக்குள் அவர் கடை வாசலில் கூட்டம் கூடிவிடும். இன்சால்வன்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கம்தான் ஐ.பி. சென்னை நகரத்துக்கு 1909ஆம் வருடத்துச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920ஆம் வருடத்துச் சட்டம். இரண்டும் வெள்ளைக்காரன் காலத்தவை. 2016ல் புதிய திவால் சட்டம் வந்தது. ஆனால் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர, சாதாரணத் தனிநபர்களுக்கான பகுதி இன்னும் அமலுக்கு வரவில்லை. ஆகவே உங்கள் பேரன் இன்று கடனில் மூழ்கி கோர்ட்டுக்குப் போனாலும், அவனுடைய கொள்ளுத் தாத்தா காலத்துச் சட்டத்தின்படிதான் போக வேண்டும்.

ஐ.பி. கொடுத்தவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அதற்குப் பயந்தே பலர் பெண்டாட்டி நகையை விற்றார்கள், பூர்வீக வீட்டை விற்றார்கள். விற்க எதுவும் இல்லாதவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போனார்கள்.

முழுசாகக் கட்டுவது ஒரு கரை, மஞ்சள் நோட்டீஸ் மறு கரை. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி உண்டு. கடன் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் இடையில் பொதுவான ஒரு ஆள் உட்காருவார். வாங்கியவரின் சம்பளம், வீட்டுச் செலவு, எந்தெந்த இடத்தில் எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுவார். குடும்பம் சாப்பிட்டது போக மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று பார்ப்பார். பிறகு கடன் கொடுத்த ஒவ்வொருவரிடமும் பேசி வட்டியைக் குறைக்கச் சொல்வார், தாமதக் கட்டணத்தைத் தள்ளச் சொல்வார். எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் ஒரே தவணை. மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள் அசல் முழுவதும் அடைந்துவிட வேண்டும். அதுவரை புதுக் கடன் கிடையாது, கார்டுகளை வெட்டிப் போட்டுவிட வேண்டும். இதைத்தான் வெளிநாடுகளில் கிரெடிட் கவுன்சலிங் என்றும், அந்தத் தவணை ஏற்பாட்டை டெப்ட் மேனேஜ்மென்ட் பிளான் என்றும் சொல்கிறார்கள். கடன் ஆலோசனை, கடன் நிர்வாகத் திட்டம் என்று தமிழில் வைத்துக்கொள்வோம்.

இதனால் எவ்வளவு வித்தியாசம் வந்துவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. பேங்க்காரனுக்குக் கணக்கு எழுதாமல் கை நிற்காது.

கிரெடிட் கார்டில் ரூ.1 லட்சம் பாக்கி. வட்டி மாதம் மூன்றரை சதவீதம், அதாவது வருடத்துக்கு 42. முதல் மாத வட்டி ரூ.3,500. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ரூ.630. ஆக ரூ.4,130. ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ரூ.5,000 கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசலில் கழிவது வெறும் ரூ.870. அதே ஒரு லட்சத்தை 42 சதவீதத்திலேயே நான்கு வருடத் தவணையாகக் கட்டினால் மாதம் சுமார் ரூ.4,330. மொத்தம் ரூ.2 லட்சத்து 8 ஆயிரத்துக்குப் பக்கம், ஜி.எஸ்.டி. தனி. நடுவில் ஒருவர் உட்கார்ந்து வட்டியை 9 சதவீதத்துக்கு இறக்கிவிட்டால், அதே நான்கு வருடத்துக்கு மாதம் ரூ.2,490 போதும். மொத்தம் ரூ.1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். கடன் கொடுத்தவருக்கும் அசல் முழுசாக வருகிறது. கோர்ட், வக்கீல் ஃபீஸ் என்று அலைய வேண்டாம்.

இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் ஊர் ஊராக இல்லை? இதன் சரித்திரத்தைப் படித்தால் ஒரே கேள்வியில்தான் போய் முட்டிக்கொள்கிறது. நடுவில் உட்கார்ந்தவருக்கு யார் சம்பளம் கொடுப்பது? கடனில் இருப்பவரிடம் பணம் இல்லை. கடன் கொடுத்தவர் சம்பளம் கொடுத்தால் உட்கார்ந்தவர் அவர் ஆள் ஆகிவிடுவார். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளிலேயே, பஞ்சாயத்தாருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தது எந்தக் கட்சி என்று கவனிப்பவர்கள் உண்டு.

இந்த யோசனை அமெரிக்காவில் பிறந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 1951ல் முறைப்படி ஆரம்பிப்பதற்குப் பதினைந்து வருடம் முன்னாலேயே நம் சென்னை மாகாணத்தில் இதற்கென்று ஒரு சட்டம் இருந்தது.

1930ஐ ஒட்டி உலகமெங்கும் பொருளாதார மந்தம். நெல் விலை, நிலக்கடலை விலை எல்லாம் சரிந்தன. விளைச்சலின் விலை விழுந்தது, பத்திரத்தில் எழுதிய கடன் மட்டும் அப்படியே நின்றது. முன்பு பத்து மூட்டை விற்று அடைத்த வட்டிக்கு இப்போது இருபது மூட்டை விற்க வேண்டிய நிலைமை. சத்தியநாதன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி அரசாங்கத்துக்காக மாகாணம் முழுவதும் விசாரித்து, விவசாயிகளின் கடன் பற்றி 1935ல் ஒரு அறிக்கை கொடுத்தார். மொத்தக் கடன் சுமார் 200 கோடி ரூபாய் என்பது அவர் மதிப்பீடு. அந்தக் காலத்து 200 கோடி!

மத்திய மாகாணத்தில் 1933ல் கடன் சமரசச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். அதே மாதிரியில் இங்கே 1936ல் சென்னைக் கடன் சமரசச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி ஆட்சிக் காலம். இதன்படி கடன் சமரச போர்டுகளை அரசாங்கம் அமைத்தது. கடன்பட்டவர் போர்டுக்கு மனுப்போட்டால், கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் இத்தனை தேதிக்குள் உங்கள் கணக்கைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று நோட்டீஸ் போகும். கணக்குக் காட்டாத கடன் தீர்ந்த கடனாகவே கருதப்படும் என்று சட்டத்தில் எழுதியிருந்தார்கள். போர்டு விசாரித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கடனுக்காக யாரும் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி, இவ்வளவு தொகை, இத்தனை தவணை என்று ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வார்கள். இன்றைய கடன் நிர்வாகத் திட்டத்தில் இருக்கிற எல்லா உறுப்பும் இதில் இருக்கிறது. நடுவில் உட்கார்ந்தவருக்குச் செலவு சர்க்கார் கஜானாவிலிருந்து.

போர்டின் பலவீனம் என்ன என்றால் அது சமரசத்தை நம்பி நின்றது. லேவாதேவிக்காரர் சம்மதித்தால்தான் தொகை குறையும். ‘முடியாது’ என்றவரை போர்டு அதிகம் அசைக்க முடியவில்லை. அதனால் 1937ல் ராஜாஜி முதல் மந்திரி ஆனதும் பேச்சுவார்த்தையை விட்டுவிட்டுச் சட்டத்தாலேயே வெட்டினார். 1938ஆம் வருடத்து நான்காவது சட்டம், சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1க்கு முன்னால் வாங்கிய கடனாக இருந்தால், 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி பூராவும் தள்ளுபடி, அசல் மட்டும் கொடுத்தால் போதும். வட்டியாகவோ அசலாகவோ இதுவரை அசலைப் போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்ற பழைய தர்மசாஸ்திர விதியின் சாயல் இதில் இருக்கிறது. தாம்துபட் என்று வடக்கே சொல்வார்கள், பம்பாய்ப் பக்கம் கோர்ட்டுகளே அதை ஒப்புக்கொண்டிருந்தன. மேலே நான் போட்ட கணக்கில் 42 சதவீதத்தில் நான்கு வருடம் கட்டிய தொகையை ஒரு தரம் திரும்பப் பாருங்கள். ராஜாஜி சட்டப்படி பார்த்தால் அது தீர்ந்துபோன கடன்.

இந்தச் சட்டத்துக்குப் பிறகு கிராமத்தில் கடன் கொடுக்கவே ஆள் இல்லாமல் போயிற்று என்று என் தாத்தா குறைப்பட்டுக்கொள்வார். அவர் கொஞ்சம் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர், அப்படித்தான் சொல்வார். ஆனால் அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது. சமரச போர்டு நன்றாக நடந்திருந்தால் தள்ளுபடிச் சட்டத்துக்கு வேலை இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். இலங்கையிலும் 1941ல் கடன் சமரச அவசரச் சட்டம் போட்டார்கள். நிலம் வீட்டை ஈடு வைத்துக் கடன்பட்டவர்களுக்கான அந்த போர்டு கொழும்பில் இன்னும் இருக்கிறது.

நம் போர்டுகள் விவசாயக் கடனோடு நின்றன. சம்பளக்காரனின் கடனுக்கு நடுவர் வந்தது அமெரிக்காவில்தான். அங்கே யுத்தத்துக்கு முன்னிருந்தே தவணை முறையில் சாமான் வாங்கும் பழக்கம் பரவியிருந்தது. தவணை கட்ட முடியாமல் திணறியவர்களைக் குறிவைத்து ஒரு கூட்டம் கிளம்பியது. ‘உன் சம்பளத்தை என்னிடம் கொடு, உன் கடன்காரர்களுக்கு நான் பிரித்துக் கொடுக்கிறேன்’ என்று சொல்லி, முதலில் தங்கள் கட்டணத்தை எடுத்துக்கொள்வார்கள். பிரித்துக் கொடுப்பது பல சமயம் நடக்காது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக இந்தத் தொழிலைத் தடை செய்தன. வக்கீல்கள் தவிர வேறு யாரும் இதைத் தொழிலாகச் செய்யக் கூடாது என்று கான்சாஸ் மாநிலம் போட்ட சட்டம் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1963ல் கோர்ட் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இதற்கு மாற்றாக 1951ல் லாப நோக்கமில்லாத ஒரு தேசிய அமைப்பு உருவானது. இன்று அதன் பெயர் கடன் ஆலோசனைக்கான தேசிய அறக்கட்டளை. அதன் குடையின் கீழ் ஊர் ஊராக ஆலோசனை நிலையங்கள் வந்தன. கடனாளியிடம் கட்டணம் இல்லை, அல்லது பேருக்கு ஏதோ கொஞ்சம். செலவுக்கு என்ன வழி? கடன் கொடுத்த கடைக்காரர்களும் பேங்குகளும் கொடுத்தார்கள். நிலையம் வசூலித்துக் கொடுக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் 15 டாலர் வரை நிலையத்துக்கே திரும்ப வரும். இதற்கு ‘நியாயமான பங்கு’ என்று பெயர் வைத்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் பிளாஸ்டிக் கார்டு வருகிறது. 1950ல் டைனர்ஸ் கிளப், ஆனால் அதில் மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். கடனை உருட்டிக்கொண்டே போகலாம் என்ற வழக்கத்தை ஊருக்கெல்லாம் கொண்டுவந்தது பேங்க் ஆஃப் அமெரிக்கா. 1958 செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் சுமார் 60,000 பேருக்கு, யாரும் கேட்காமலேயே, தபாலில் கார்டு அனுப்பிவிட்டார்கள்! நூற்றுக்கு 4 பேர் பாக்கி வைப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள், 22 பேர் வைத்தார்கள். கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வர 1970 ஆயிற்று. நம் ஊரில் 2000ஐ ஒட்டிய வருடங்களில் ‘லைஃப் டைம் ஃப்ரீ சார்’ என்று போனில் துரத்தியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

1978ல் அங்கே இன்னொரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ஒரு பேங்க் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வட்டி வரம்புதான் அதற்குப் பொருந்தும், வாடிக்கையாளர் எங்கே இருந்தாலும் சரி என்று. பேங்குகள் வட்டிக்கு வரம்பில்லாத மாநிலங்களுக்குக் கார்டு வியாபாரத்தை மாற்றிக்கொண்டன. சிட்டி பேங்க் தெற்கு டகோட்டாவுக்குப் போனது. வட்டி ஏறியது, கார்டுகள் பெருகின, திவால் மனுக்களும் பெருகின. 1996ல் ஒரே வருடத்தில் தனிநபர் திவால் 10 லட்சத்தைத் தாண்டியது.

ஆலோசனை நிலையங்களுக்கு இது நல்ல காலமாக இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. வாடிக்கையாளர்கள் குவியக் குவிய, பேங்குகள் ‘நியாயமான பங்கை’ வெட்ட ஆரம்பித்தன. பதினைந்து என்பது பத்துக்கும் கீழே இறங்கியது. சம்பளம் கொடுத்தவர் சம்பளத்தைக் குறைத்தார், நடுவில் உட்கார்ந்தவர் வேறு வழி தேடினார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து வீட்டுக் கணக்குப் பார்த்த ஆலோசகர் இருந்த இடத்தில், இருபது நிமிடம் போனில் பேசித் திட்டத்தில் சேர்த்துவிடும் ஆட்கள் வந்தார்கள். லாப நோக்கமில்லாத அமைப்பு என்ற போர்டு மட்டும் வாசலில் தொங்கியது. 1994க்கும் 2003க்கும் இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இந்தப் பெயரில் வரிவிலக்குக் கேட்டு மனுப்போட்டன.

அவற்றில் பெரிய பெயர் அமெரிடெட். மேரிலாண்ட் மாநிலத்துக்காரர்கள். டி.வி.யில் விளம்பரம் பறக்கும். 2003 நவம்பரில் அமெரிக்க வர்த்தகக் கமிஷன் அதன் மேல் வழக்குப் போட்டது. முன்கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டு, கடனாளி அனுப்பும் முதல் மாதத் தவணையை ‘நன்கொடை’ என்று தாங்களே எடுத்துக்கொண்டார்கள், தர்ம ஸ்தாபனம் என்ற பெயரில் பின்னால் இருந்த லாபக் கம்பெனிக்குப் பணத்தைத் திருப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒரு குடும்பம் வயிற்றைக் கட்டி முதல் தவணையை அனுப்புகிறது, அந்த மாதம் கடன்காரனுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை, அங்கே தாமதக் கட்டணம் ஏறுகிறது. யோசித்துப் பாருங்கள். நாற்பது வருடம் முன்னால் கான்சாஸ் தடுத்த அதே தொழில், இந்த முறை தர்ம காரியம் என்ற சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டது.

2004ல் செனட் விசாரணை நடந்தது. வரித்துறை 41 அமைப்புகளைத் தணிக்கை செய்து, அந்தத் தொழிலின் வருமானத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்த அத்தனை பேரின் வரிவிலக்கையும் ரத்து செய்தோ, ரத்துக்கு நடவடிக்கை எடுத்தோ 2006ல் அறிவித்தது. அதே வருடம் சட்டத்தையும் திருத்தினார்கள். நிர்வாகக் குழுவில் பொதுமக்கள் நலன் பார்ப்பவர்கள் அதிகமாக இருக்க வேண்டும், பணம் கொடுக்க முடியாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, கடன் கொடுத்தவர்களிடமிருந்து வரும் வருமானம் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நான் சொல்லிக்கொண்டிருக்கிற கேள்விக்கு அமெரிக்கா சட்டத்திலேயே எழுதிய பதில் அந்தக் கடைசி வரிதான். இதற்கு நடுவே 2005 அக்டோபரிலிருந்து இன்னொரு நிபந்தனையும் வந்தது. திவால் மனுப்போடுகிறவர் அதற்கு முந்தைய 180 நாளுக்குள் அங்கீகாரம் பெற்ற ஆலோசகரைப் பார்த்திருக்க வேண்டும்.

மலேசியா வேறு வழியில் போயிற்று. அங்கே 2006 ஏப்ரலில் அவர்களுடைய ரிசர்வ் பேங்கான பேங்க் நெகாரா, ஏ.கே.பி.கே. என்ற நிறுவனத்தைத் தானே தொடங்கியது. ஆலோசனை இலவசம், கடன் நிர்வாகத் திட்டமும் இலவசம். மத்திய பேங்க் பெற்ற பிள்ளை என்பதால் எந்த பேங்கும் ‘முடியாது’ என்று எளிதில் சொல்ல முடியாது. நம் 1936 போர்டுக்கு இல்லாத கனம் இதற்கு உண்டு. அங்கே இருக்கிற நம் ஜனங்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இனி நம் நாடு. 1980ல் சென்ட்ரல் பேங்க், அடுத்த வருடம் ஆந்திரா பேங்க் என்று கார்டு வந்தபோது அது பெரிய மனிதர்கள் சமாசாரம். 1990ல் சிட்டி பேங்க், 1998ல் ஸ்டேட் பேங்க் கார்டு என்று வந்த பிறகுதான் மாதச் சம்பளக்காரன் பர்சுக்குள் நுழைந்தது. தொழில் வேகமாக வளர்ந்தது, வசூலுக்கு ஆள் அனுப்புவதும் கூடவே வளர்ந்தது. அடியாட்களை வைத்து வசூல் செய்வதை 2007ல் நம் சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழக்கில் கண்டித்தது. 2008 ஏப்ரலில் ரிசர்வ் பேங்க் வசூல் ஏஜெண்டுகளுக்கு விதிமுறை போட்டது.

அந்த வருடக் கடைசியில் நான் வேலை பார்த்த கிளைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். கிராச்சுவிட்டிப் பணத்தை எங்களிடம் டெபாசிட் போட்டிருந்தவர். டெபாசிட்டை முறிக்க வேண்டும் என்றார். காரணம் கேட்டால் சொல்லவில்லை. காபி வரவழைத்துக் கொடுத்த பிறகு சொன்னார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த பையனுக்கு அந்த வருடம் வேலை போய்விட்டது. நாலு பேங்கில் நாலு கார்டு. ஆட்கள் பையனை விட்டுவிட்டு இவர் வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் பண்ணுகிறார்கள், டீச்சரம்மா எடுத்தால் கன்னாபின்னாவென்று பேசுகிறார்கள். நாலு ஸ்டேட்மெண்டையும் கொண்டுவரச் சொல்லி ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பையன் உண்மையில் செலவழித்தது ரூ.1 லட்சத்து 90 ஆயிரம். நின்ற பாக்கி ரூ.3 லட்சத்து 60 ஆயிரம். நாலு இடத்துக்கும் நானே போன் செய்தேன். ஒருவர் மொத்தமாக இவ்வளவு கொடுத்தால் முடித்துக்கொள்கிறோம் என்றார். ஒருவர் ஏஜென்சியிடம் பேசுங்கள் என்றார். மற்ற மூன்று கடன் இருப்பதைப் பற்றி நாலு பேரில் ஒருவருக்கும் அக்கறை இல்லை. நாலு பேரையும் ஒரு மேஜையில் உட்கார வைக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அப்படி அதிகாரமுள்ள ஆள் யாரும் இந்த ஜில்லாவில் இல்லை. சார் என் எதிரில்தான் டெபாசிட் ரசீதின் பின்னால் கையெழுத்துப் போட்டார். அறுபத்திரண்டு வயது அப்போது அவருக்கு.

அந்தச் சமயத்தில் பம்பாயில் இப்படி ஒரு இடம் இருந்தது. பேங்க் ஆஃப் இந்தியா ‘அபய்’ என்ற பெயரில் கடன் ஆலோசனை மையம் ஒன்றைத் திறந்திருந்தது. அபயம் என்று நாம் சொல்லும் அதே வார்த்தைதான். ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்க் ‘திஷா’ என்று ஒன்றை ஆரம்பித்தது. ரிசர்வ் பேங்கும் 2007–08 கொள்கை அறிக்கையிலேயே, மாநிலத்துக்கு ஒரு மாவட்டத்திலாவது இப்படி ஒரு மையத்தைச் சோதனையாகத் திறக்கும்படி சொல்லியிருந்தது. 2009 பிப்ரவரி 4ஆம் தேதி முழுத் திட்டத்தை வெளியிட்டார்கள். நிதிக் கல்வி மற்றும் கடன் ஆலோசனை மையங்கள் என்று பெயர். நல்ல திட்டம். சேவை இலவசம். மையம் தாய் பேங்கிலிருந்து எட்டி நிற்க வேண்டும். ஆலோசகர் வசூல் ஏஜெண்டாகவோ, பேங்கின் திட்டங்களை விற்பவராகவோ இருக்கக் கூடாது. எங்களைப் போல ரிட்டயர் ஆன அதிகாரிகள் பலர் அதில் உட்கார்ந்தார்கள்.

சம்பளம் யார் கொடுத்தது? பேங்குகள்தான். நூற்றுக்கு நாற்பது வட்டி வாங்குகிற வீட்டிலேயே, அந்த வட்டியைக் குறைக்கச் சொல்லும் ஆளுக்கும் சம்பளப் பட்டியல் போட்டார்கள். எட்டி நில் என்று எழுதினால் மட்டும் எட்டி நிற்க முடியுமா? இந்த மையங்களுக்கு மற்ற பேங்குகளைக் கட்டாயப்படுத்த மலேசிய நிறுவனத்துக்கு இருந்த கனமும் இல்லை.

2012 ஜூன் 6ஆம் தேதி புதிய சுற்றறிக்கை வந்தது. இனி இவை நிதிக் கல்வி மையங்கள். பெயரிலிருந்து ‘கடன் ஆலோசனை’ போய்விட்டது. மாதம் ஒரு முகாமாவது நடத்த வேண்டும், கணக்கு இல்லாதவர்களுக்குக் கணக்கு ஆரம்பிக்கச் சொல்லித்தர வேண்டும் என்பது முக்கிய வேலை ஆயிற்று. அதுவும் தேவையான வேலைதான், நானே இரண்டு முகாமில் பேசியிருக்கிறேன். ஆனால் நாலு கார்டுக்காரனை உட்கார வைத்துக் கணக்கு எழுதும் வேலை பின்னுக்குப் போய்விட்டது.

வட்டிக்கும் வரம்பு நிற்கவில்லை. 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. பேங்குகள் மேல்முறையீடு செய்தன. பதினாறு வருடம் கழித்து, 2024 டிசம்பர் 20ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த வருட ஆரம்பத்திலேயே நாட்டில் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியிருந்தது.

இப்போது காலி இடத்தில் வேறு ஆட்கள் வந்து உட்காருகிறார்கள். ‘உங்கள் கடனைப் பாதியாக முடித்துத் தருகிறோம்’ என்று போனில் விளம்பரம் வருகிறதே, அவர்கள். இது கடன் நிர்வாகத் திட்டம் கிடையாது. கார்டுக்குக் கட்டுவதை நிறுத்தச் சொல்வார்கள், பேங்க் அலுத்துப்போனதும் பேரம் பேசுவார்கள். முடிந்தாலும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும், அடுத்த வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். இப்படிப்பட்டவர்கள் போனில் ஆள் பிடித்து, வேலையை முடிக்கும் முன் கட்டணம் வாங்குவதை அமெரிக்காவில் 2010லேயே தடை செய்துவிட்டார்கள்.

பிள்ளைகள் இந்தச் சுழலில் மாட்டியிருந்தால், டெபாசிட்டை முறிக்கும் முன் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. எல்லாக் கார்டின் ஸ்டேட்மெண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி ஒவ்வொரு பேங்கின் நோடல் அதிகாரிக்கும் பையன் கையெழுத்திலேயே கடிதம் போகட்டும். 2022ல் ரிசர்வ் பேங்க் போட்ட கார்டு விதிகளில், கட்டாத கட்டணங்களை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று இருக்கிறது, அதைக் கடிதத்தில் குறிப்பிடலாம். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. நிதிக் கல்வி மையம் உங்கள் ஊரில் எங்கே என்று மாவட்ட முன்னோடி வங்கி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். பெயர் மாறினாலும் அங்கே நாற்காலியில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு பழைய பேங்க்காரர்தான். ஸ்டேட்மெண்டுகளோடு போனால் உட்கார வைத்துப் பேசுவார்.